சுவர் இருக்கும்போதே

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி மேடையேறினால் சங்கப் பாடல் பற்றியோ காப்பியம் பற்றியோ பேசுவாள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் சென்னை நகரத்துச் சுவர்கள். அச்சுவர்களில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஓவியங்களைத் தேடிக் காண்பதும், அவற்றைப் புகைப்படமாகப் பதிவு செய்வதும் ஆறு ஆண்டுகளாக நானும் என் மாணவியர் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவரும் பணி. இலக்கிய வட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இது நம்முடைய வேலையே என்பதை நிறுவுவதுதான் இவ்வுரையின் நோக்கம்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் பழமொழி. உடலைப் பேணுக என்று அறிவுறுத்துவதற்கே அதனை எடுத்தாள்கிறோம். அதன் நேர்ப்பொருளை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. சுவர் போனால் சித்திரமும் போகும். நகரத்தில் சுவர்கள் நாள்தோறும் போய்க்கொண்டிருக்கின்றன.

காப்பியம் காட்டும் தெரு

தெருவோரச் சுவரில் ஓவியம் தீட்டுவது மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த வழக்கம் என்று பலர் கருதுகின்றனர். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையைப் படித்தவர் அவ்வாறு கருதமாட்டார். மணிமேகலையும் சுதமதியும் உவவனம் நோக்கிப் புகார்த் தெருவில் நடந்து செல்கின்றனர். வழியிலே செங்கல்லால் உயர்ந்த மாடங்கள்; அவற்றில் வெண்சுதை; அச்சுதையின்மேல் வானவர் முதலாக எல்லா உயிர்களின் உருவங்களையும் கைதேர்ந்தோர் எழுதிவைத்திருக்கின்றனர். தெருவிற் செல்வோர் நின்று அவற்றைக் காண்கின்றனர். கோயிலுக்குள்ளோ அரண்மனைக்குள்ளோ அன்று; வீட்டின் வெளிச்சுவரில், போவார் வருவார் அனைவர்க்கும் பொதுவாக நின்ற ஓவியம் அது.

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் ஓவியங்களைக் காண வந்தோர் அறிந்தவரிடம் வினவுகின்றனர். இவன் காமன், இவள் இரதி. இவன் பூனை வடிவெடுத்த இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன் என விடை வருகிறது. ஓவியம் என்பது சுவரில் முடிந்துவிடுவதன்று. அதன்முன் நின்று கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்தே அது முழுமை பெறுகிறது என்பதை நப்பண்ணனார் உணர்ந்திருந்தார். ஒரு பாண்டியன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று தான் இறந்த மாடத்தாலேயே பெயர் பெற்றதும் ஈண்டு எண்ணத்தக்கது.

ஆனால் இவ்விரு நூல்களிலும் ஓவியம் இருக்கிறது, காண்போர் இருக்கின்றனர். எழுதியவர் பெயர் இல்லை. புகாரின் மாடங்களும் இல்லை, சுதையும் இல்லை. சாத்தனார் எழுதிவைத்த சில அடிகள் மட்டும் உள்ளன. அவையும் இல்லையெனில் புகார்த் தெருவில் ஓவியம் இருந்தது என்பதையே நாம் அறிந்திருக்கமாட்டோம். சுவரைக் காலம் கொண்டுபோனபின் எஞ்சியது எழுத்து. என் பேச்சின் முதற்கருத்து இதுவே.

இரண்டு சான்றுகளை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தாமரைக் குளத்தை எல்லோரும் அறிவர். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அக்கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஓவியத்தின் அருகே எழுத்தும் இருந்ததால் ஒரு மனிதர் ஆயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தார். மற்றொன்று தஞ்சைப் பெரியகோயில். 1931ஆம் ஆண்டு எஸ்.கே. கோவிந்தசாமி அவர்கள் அங்கே நாயக்கர் காலப் பூச்சு உதிர்ந்த இடத்தில் அதன் அடியிலிருந்த சோழர் கால ஓவியங்களைக் கண்டார். ஒரு காலத்தின் ஓவியத்தின்மேல் இன்னொரு காலம் தன் ஓவியத்தை எழுதியிருந்தது. தஞ்சையில் மேற்பூச்சு அடிப்பூச்சைக் காத்தது. நம் தெருச் சுவர்களில் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. சுரண்டி, கழுவி, புதுப்பூச்சு அடிப்பதே இன்றைய முறை.

நகரத்தின் ஐவகைச் சுவர்கள்

ஐந்திணை படித்த பழக்கத்தால் சென்னையின் ஓவியச் சுவர்களையும் நான் ஐந்தாகப் பகுத்துக்கொண்டேன். இப்பகுப்பு என் வசதிக்கானது, ஆய்வுலகின் முடிவன்று.

முதலாவது கடைச் சுவர். சைக்கிள் கடை, தையற்கடை, முடிதிருத்தகம், மளிகைக்கடை ஆகியவற்றின் முகப்பிலும் பக்கச் சுவரிலும் கையால் எழுதிய பெயரும் படமும். சலூன் சுவரில் ஒரு நடிகரின் தலை; இறைச்சிக் கடையில் ஓர் ஆடு; பஞ்சர் ஒட்டும் கடையில் ஒரு சக்கரம். திரைப்படப் பதாகை எழுதிய கைகளே இவற்றையும் எழுதின. புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் அச்சு வந்து அத்தொழிலைப் பறித்தபின் எஞ்சிநிற்கும் மாதிரிகள் இவை.

இரண்டாவது கட்சிச் சுவர். வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் பெயரும் ஆண்டும் எழுதி முன்கூட்டியே பிடித்துவைத்த சுவர். பிறகு அதில் தலைவர் முகமும் சின்னமும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 1959 முதல் இருக்கிறது. எனினும் நம் நாட்டு எழுத்துக் கலையின் பெரும்பகுதி இச்சுவர்களில் வளர்ந்தது என்பதை மறுக்க இயலாது. ஆள் உயரத் தமிழெழுத்தை வளைவு பிசகாமல் ஒரே வீச்சில் எழுதும் கையை எந்தக் கல்லூரியும் உருவாக்கவில்லை.

மூன்றாவது காவற்சுவர். சுவரோரத்தை அசுத்தம் செய்வாரைத் தடுக்க, விநாயகர், சிலுவை, பிறைநிலவு என மும்மதத்தையும் வரிசையாக எழுதி வைப்பது. சட்டத்திற்கு அஞ்சாதவரும் தெய்வத்திற்கு அஞ்சுவர் என்னும் நம்பிக்கையில் எழுந்த கலை இது. சமய ஒற்றுமை பற்றிப் பல மேடைகளில் பேசுகிறோம். ஒரு மதிற்சுவர் வேறு காரணத்திற்காக அதைச் செய்து வைத்திருக்கிறது.

நான்காவது மாநகராட்சிச் சுவர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் சுவரொட்டிகளை ஒழிக்கும் முயற்சியாக அண்ணா சாலை முதலிய பெருஞ்சாலைகளின் மதில்களில் மாமல்லைச் சிற்பம், பொங்கல் விழா, ஏறுதழுவுதல், நாட்டியம், இயற்கைக் காட்சி ஆகியன தீட்டப்பட்டன. அவற்றைத் தீட்டியோருள் பலர், பதாகைத் தொழில் நலிந்ததால் வேலை குறைந்த ஓவியர்கள். கலைநோக்கில் அவற்றைக் குறைத்து மதிப்பிட்டோர் உண்டு. நான் அவ்வாறு செய்யத் துணியேன். ஒரு மாநகரம் தன்னைப்பற்றி என்ன நினைக்க விரும்பியது என்பதற்கு அவை சான்று. பல மங்கிவிட்டன, பல மதில் இடிந்தபோது மதிலோடு சென்றன.

ஐந்தாவது மாடிச் சுவர். பல மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுவதையும் ஒரே ஓவியமாக்குவது. 2020ஆம் ஆண்டு கண்ணகி நகரில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியால் உள்நாட்டு ஓவியரும் வெளிநாட்டு ஓவியரும் எழுதியவை இவ்வகையின. 2021இல் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் ஏ-கில் என்னும் பெயரில் இயங்கும் சென்னை ஓவியர் எழுதிய முகங்களும் இவ்வகையே. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் முகமும் மற்றோர் முகமும் அங்கே கலந்து நிற்கின்றன. எவர் யார் என்று பார்ப்பவரால் பிரித்தறிய இயலாது. அறிய இயலாமையே அவ்வோவியம் சொல்லும் செய்தி.

தேடும் முறை

இவ்வோவியங்களைத் தேடுவதற்கு வரைபடம் ஓரளவே உதவும். மாடிச் சுவர்களுக்குப் பட்டியல் உண்டு. கடைச் சுவர்களுக்கும் காவற்சுவர்களுக்கும் பட்டியல் இல்லை. நடந்துதான் ஆகவேண்டும். நடக்க இயலாத தொலைவுக்குப் பேருந்தின் சன்னலோர இருக்கை நல்லது. வேளச்சேரிப் பறக்கும் ரயில் அதனினும் நல்லது. தெருவிலிருந்து தெரியாத பின்சுவர்களை அது காட்டும். ஞாயிறு காலை கடைகள் திறக்குமுன் செல்லவேண்டும். கடை திறந்தால் பொருளும் வண்டியும் ஓவியத்தை மறைக்கும். அதேசமயம் கடைக்கதவின் இரும்புத் தகட்டில் எழுதிய படம், கடை மூடியிருக்கும்போது மட்டுமே காணக்கிடைக்கும்.

சுவர் எத்திசை நோக்கியது என்பதை அறிவதே முதல் பாடம். கிழக்கு நோக்கிய சுவருக்குக் காலை, மேற்கு நோக்கியதற்கு மாலை என்பது எளிது. தெற்கு நோக்கியதற்கு ஆண்டின் பெரும்பகுதியில் நடுப்பகல் வெயில் உண்டு. வடக்கு நோக்கிய சுவர்தான் நமக்குச் சில வானியல் உண்மைகளைக் கற்பித்தது. சென்னை ஏறத்தாழ வடக்கு 13 பாகையில் உள்ளது. ஆகவே சித்திரை மாதத்தின் பிற்பகுதி முதல் ஆடி முடியும் வரையே உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அம்மாதங்களில்தான் வடக்குச் சுவரின்மேல் நண்பகல் வெயில் விழும். மற்ற மாதங்களில் நடுப்பகலில் அது நிழலிலேயே இருக்கும். அதனால் வடக்குச் சுவரின் வண்ணம் நெடுநாள் மங்காது நிற்கிறது. படமெடுப்பதற்கோ அதன் ஒளி சற்று மந்தமாக இருக்கிறது. வாழ்நாளைக் கூட்டும் நிழலே அழகைக் குறைத்தும் காட்டுகிறது.

நான்கு படங்கள்

ஓர் ஓவியத்திற்கு ஒரு படம் போதாது. நான்கு வேண்டும் என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட விதி.

முதற்படம் தெருவோடு கூடிய சுவர். பக்கத்துக் கடை, மின்கம்பம், மரம், நடந்துபோகும் ஒருவர் ஆகியன அதில் இருக்கவேண்டும். ஓவியம் எவ்வளவு பெரியது, எவருடைய அன்றாட வாழ்வின் நடுவில் நிற்கிறது என்பதை அப்படம் ஒன்றே சொல்லும். இரண்டாம் படம் ஓவியம் முழுவதும். சுவரின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே நின்று, கருவியைச் சாய்க்காமல் எடுப்பது. குறுந்தெருவில் பின்வாங்க இடமிராது. அங்கே அண்ணாந்து எடுத்தால் மேற்பகுதி கூம்பிவிடும். எதிர்வீட்டு மாடிக்கு ஏறுவதற்கு இசைவு கேட்டுப் பெறுவது அங்கே கைகொடுக்கும். அவ்வாறு ஏறிய மாடிகளில் எங்களுக்குக் கிடைத்த மோருக்கும் காப்பிக்கும் கணக்கில்லை.

மூன்றாம் படம் மூலை. ஓவியர் தம் பெயரை அங்கேதான் எழுதுவார். பழைய கடைச் சுவர்களில் ஒரு பெயர், அதனையடுத்து 'ஆர்ட்ஸ்' என்னும் சொல், அதன்கீழ் ஒரு தொலைபேசி எண். பெரும்பாலோர் வெட்டி எறியும் அம்மூலைதான் எங்களுக்குக் கல்வெட்டு. தொலைபேசி எண் ஏழு இலக்கமாயின், சென்னை எண்கள் எட்டு இலக்கமாவதற்கு முன் எழுதியது. பத்து இலக்கமாயின் செல்பேசிக் காலத்தது. எழுத்து வடிவமும் காலங்காட்டும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ஆயினும் பழைய லையும் ணையும் துதிக்கை வளைவோடு சுவரில் இருக்குமானால், எழுதியவர் பழைய வடிவத்தைக் கற்ற கையர் என்று கொள்ளலாம். சீர்திருத்தத்திற்குப் பின்னும் பழைய வடிவைக் கைவிடாதவர் பலர் இருந்தமையால், இதனை மட்டும் கொண்டு ஆண்டை முடிவு செய்துவிடலாகாது. வட்டெழுத்தும் கிரந்தமும் படித்துக் காலம் கணிக்கும் நம் மாணவர்க்கு, இது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் பயிற்சிக்களம்.

நான்காம் படம் சுவரின் நோய். தரையிலிருந்து ஈரம் ஏறி அடிப்பகுதி பொருக்காக உதிர்வது, கடற்காற்றின் உப்புப் பூப்பது, வெயிலில் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் முதலில் வெளிற நீலம் மட்டும் நிலைப்பது ஆகியவற்றை அருகிற்சென்று எடுப்பது. பழைய சுவர்களில் காணும் தெய்வங்களும் நடிகரும் ஒருவகை நீலம் பாரித்து நிற்பதற்கு இதுவே காரணம். ஓராண்டு கழித்து அதே நாளில் அதே இடத்தில் நின்று மீண்டும் எடுத்தால் நோயின் வேகம் தெரியும்.

இந்நான்கோடு ஒரு சீட்டும் சேரவேண்டும். தெருவின் பெயர், சுவர் நோக்கும் திசை, படமெடுத்த நாள், எழுதியவர், எழுதுவித்தவர், சுவருக்கு உரியவர், பூச்சு சுண்ணாம்பா டிஸ்டெம்பரா எமல்ஷனா என்பது, அக்கம்பக்கத்தார் சொல்லும் செய்தி ஆகியன அதில் இருக்கவேண்டும். சீட்டில்லாத புகைப்படம் முகவரி இல்லாத கடிதம் போன்றது.

கண்ணுக்குப் பின்னால்

இதுவரை கூறியது முறை. இனி, முறைக்கு மேற்பட்ட ஒன்றைக் கூறவேண்டும்.

கண்ணகி நகர் சென்னையின் தென்கோடியில், துரைப்பாக்கத்தை ஒட்டியது. நகரின் கூவம் கரையிலும் பிற இடங்களிலும் குடிசைகளில் வாழ்ந்தோர் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே குடியமர்த்தப்பட்டனர். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பிறந்த இடத்தையும் பிழைத்த இடத்தையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். தன் ஊரான புகாரை விட்டு வேற்றூரில் வாழ்வு தேடி வந்து அனைத்தையும் இழந்தவளின் பெயரை அவ்விடத்திற்கு இட்டவர், சிலம்பை எண்ணித்தான் இட்டாரோ, எண்ணாமல் இட்டாரோ, பெயர் பொருந்தித்தான் இருக்கிறது. அம்முகவரியைச் சொன்னால் வேலை தரத் தயங்குவார்கள் என்பது அங்குள்ள இளைஞர் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை.

அங்கே ஒரு முற்பகலில், நான்கு மாடி உயரத்திற்கு எழுதப்பட்ட ஒரு முகத்தை என் மாணவியர் படமெடுத்துக்கொண்டிருந்தனர். தண்ணீர்க்குடத்தோடு வந்த அம்மையார் ஒருவர் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "டீச்சரம்மா, அந்தக் கண்ணு இருக்குதே, அதுக்குப் பின்னாடிதான் எங்க சமையக்கட்டு."

அவர் குறையாகச் சொல்லவில்லை; பெருமையாகவும் சொல்லவில்லை. தெரியாதவருக்கு ஒரு செய்தி தெரிவிப்பதுபோலச் சொன்னார். எத்தனை பேர் வந்து படமெடுக்கிறார்கள் என்று கேட்டேன். "நெறைய பேரு வர்றாங்கம்மா. மேலதான் பாக்குறாங்க" என்றார். பிறகு அவராகவே அக்கட்டடத்தின் கதையைக் கூறத் தொடங்கினார். எந்த வீட்டுப் பிள்ளைகள் ஓவியருக்கு வண்ணவாளி எடுத்துக் கொடுத்தனர், சாரத்தில் ஏற எந்தப் பையன் ஆசைப்பட்டான், வண்ணம் உலருமுன் பெய்துவிடுமோ என்று எவ்வளவு பேர் வானத்தைப் பார்த்தனர் என்பதையெல்லாம் சொன்னார். அரைமணி நேரத்தில் எங்கள் சீட்டு நிரம்பிவிட்டது. பரிபாடலில் வினவுவார்க்கு விடை சொன்னவரின் வழித்தோன்றலை நான் அன்று நேரில் கண்டேன்.

வண்ணம் பூசினால் வறுமை தீருமா என்று கேட்போர் உளர். தீராது. வேலைவாய்ப்பும் பள்ளியும் மருத்துவமும் போக்குவரத்தும் செய்யவேண்டிய பணியை ஓர் ஓவியம் செய்யாது. அவ்வாறு செய்துவிடும் என்று எவரேனும் கூறினால் அது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் அச்சுவர்களால் ஒன்றும் நிகழவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. முகஞ்சுளித்துக் கடந்துபோன ஓரிடத்தைப் பிறர் தேடி வந்து பார்க்கின்றனர். வந்தவர் மேலே மட்டும் பார்ப்பதா, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சமையற்கட்டையும் நினைப்பதா என்பதே வினா. வீட்டுச் சுவரைப் பின்னணியாக வைத்துத் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டு செல்வோருக்கும், அச்சுவருக்குரியோரின் பெயர் கேட்டு எழுதிக்கொள்வோருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. இசைவு கேளாமல் மனிதர் முகத்தைப் படமெடுப்பதில்லை என்பதையும், எடுத்த படத்தின் ஒரு படியை அவ்வீட்டாருக்குக் கொடுப்பது என்பதையும் எங்கள் விதிகளில் சேர்த்துக்கொண்டோம்.

யாருக்கு உரிமை

ஓவியம் தெருவில் இருப்பதால் அது எல்லோருக்கும் சொந்தம் என்று கருதுவது பெருவழக்கு. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட விலக்கு அளிக்கிறது. அவ்விலக்கில் ஓவியம் சேர்க்கப்படவில்லை. ஆய்வுக்காகவும் தம் சொந்தப் பயனுக்காகவும் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். அதனை நாட்காட்டியாகவோ நூலின் அட்டையாகவோ அச்சிட்டு விற்கவேண்டின் ஓவியரின் இசைவு வேண்டும். இசைவு கேட்க அவர் யாரென்று தெரிய வேண்டும். மூலையில் உள்ள பெயரை வெட்டி எறிவது எத்தகைய தவறு என்பது இங்கே விளங்கும்.

சுவருக்கு உரியவர் நினைத்தால் ஓவியத்தை அழித்துவிடலாமா என்னும் வினாவுக்கும் நம் நாட்டில் ஒரு தீர்ப்பு உண்டு. தில்லி விஞ்ஞான் பவனின் சுவரில் சிற்பி அமர்நாத் சேகல் வெண்கலத்தால் ஒரு பெரும் படைப்பை அமைத்திருந்தார். 1979இல் அது அகற்றப்பட்டுச் சிதைவுற்றது. அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் தில்லி உயர்நீதிமன்றம், படைப்பாளிக்குத் தன் படைப்பின்மேல் உள்ள நன்மதிப்புரிமை விற்பனையோடு தீர்ந்துவிடுவதில்லை என ஏற்று, எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. புகழ்பெற்ற சிற்பி ஒருவருக்கே நீதி கிட்ட இருபத்தாறு ஆண்டுகள் ஆயின எனின், சைக்கிள் கடைச் சுவரில் எழுதியவருக்கு எந்த நீதிமன்றம்? அவருக்கு நாம் செய்யக்கூடிய நீதி ஒன்றுண்டு. அவர் பெயரை எழுதி வைப்பதே அது.

செய்ய வேண்டுவது

இன்று ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி இருக்கிறது. லட்சக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றனவே, தனியே பதிவு எதற்கு என்று கேட்கலாம். படம் பெருகிவிட்டது, பதிவு பெருகவில்லை. எந்தத் தெரு, எந்த ஆண்டு, எவர் கை என்பது இல்லாத படம் எத்தனை லட்சம் சேர்ந்தாலும் அது நினைவாகாது. உ.வே.சா. அவர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடினார்; தேடியதோடு நில்லாமல் எந்த ஊர், எவர் வீடு, யார் கொடுத்தது என்பதையும் எழுதிவைத்தார். அதனால்தான் அவர் தேட்டம் வரலாறாயிற்று. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தோருள்ளும், பாடிய மூதாட்டியின் ஊரைக் குறித்தவர் தொகுப்புக்கே இன்று ஆய்வுமதிப்பு இருக்கிறது.

ஆகவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் நாம் ஒரு சுவரோவியப் பதிவேடு தொடங்குவோம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் வாழும் தெருவையும் அதனைச் சூழ்ந்த நான்கு தெருக்களையும் மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும். அதற்குமேல் வேண்டா. ஒரு சுவருக்கு நான்கு படம், ஒரு சீட்டு. எழுதியவர் உயிரோடிருந்தால் அவரிடம் சென்று அரைமணி நேரம் பேசி அதனையும் எழுதிக்கொள்வோம். கட்டம் போட்டுச் சிறு படத்தைப் பெருஞ்சுவருக்கு எவ்வாறு ஏற்றினார், தூரிகை எங்கே வாங்கினார், எழுத்து யாரிடம் கற்றார் என்பன அவரோடு போய்விடும் செய்திகள். அவர்களுள் பலர் அறுபதைக் கடந்தவர்கள். இன்று வேறு தொழில் செய்கிறார்கள்; காவலாளியாக இருக்கிறார்கள்; ஆட்டோ ஓட்டுகிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்பார்தான் இல்லை.

எல்லாச் சுவரையும் காப்பாற்றுக என்று நான் கூறவில்லை. அது இயலவும் இயலாது, வேண்டவும் வேண்டா. நகரம் வளரவேண்டும், பழுதான சுவர் இடிபடத்தான் வேண்டும், புதிய கை எழுதப் புதிய இடம் தேவை. தெருவோவியத்தின் இயல்பே நிலையாமை. சாத்தனார் புகாரின் மாடங்களைக் காப்பாற்றவில்லை; கண்டதை எழுதினார். நமக்கு எழுத்தோடு புகைப்படமும் கைவந்திருக்கிறது. அவர் விட்டுவிட்ட ஒன்றை, எழுதிய கையின் பெயரை, நாம் சேர்த்துக்கொள்ள முடியும்.

இப்பதிவேட்டின் முதல் இருநூறு சீட்டுகளை என் மாணவியர் எழுதி முடித்திருக்கின்றனர். அவற்றை இம்மலர் வெளிவரும் நாளில் வட்டத்தின் நூலகத்திற்கு ஒப்படைக்க இசைந்துள்ளோம். இருநூற்றொன்றாம் சீட்டு வெறுமையாக இருக்கிறது. அது உங்களில் ஒருவர் தெருவுக்குரியது. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுமுன், வீட்டு வாசலில் இறங்கி இடப்புறம் திரும்பினால் போதும்.